எங்கேர்ந்து வருது, காட்டு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வேதசிரோமணி செய்கிற முதல் வேலை, மனைவியின் கண்ணைக் கட்டுவது. துண்டை நீளவாக்கில் நாலாக மடிப்பார். மடிப்பு கோணலாக இருந்தால் உதறிவிட்டு மறுபடி மடிப்பார். பிறகு ஞானம்மாளுக்குப் பின்னால் போய் நின்று, மூக்கோரமாக வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு முடிச்சை இறுக்குவார்.

"தெரியுதா?"

"தெரியல."

"பொய் சொல்லாத. பூஜ்யமா இருக்கணும்."

"தெரியலய்யா. அடுப்புல கொழம்பு கீது. சீக்கிரம் முடி."

குழம்பு காத்திருக்க வேண்டியதுதான். கட்டிய கண்ணோடு அவளைச் சமையலறையில் நிறுத்தி ஒரு கீர்த்தனை பாடச் சொல்வார். முணுமுணுக்கக் கூடாது, உரக்கப் பாட வேண்டும். அவள் பாடுகிற நேரத்தில் கூடத்தில் அந்தப் பெரிய பெட்டியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய் நாலு இடங்களில் ஓர் இடத்தில் நிறுத்துவார்: ஜன்னலடி, பீரோ பக்கம், தெருக்கதவுக்குப் பின்னால், அல்லது சமையலறை வாசல். உருளுகிற சத்தம் அவள் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் கீர்த்தனை. அப்புறம் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கூடத்தின் நடுவில் மூன்று சுற்று சுற்றவிட்டு, முக்காலியில் உட்கார வைத்து டேப்பைப் போடுவார்.

ஒரு சினிமாப் பாட்டின் நடுவிலிருந்து இருபது விநாடி. டும், டும், டுடும் என்று கனமான தாளம், மேலே ஓர் ஆண் குரல். அந்த இருபது விநாடியையே தொண்ணூறு நிமிட கேசட் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து வைத்திருக்கிறார். "அந்தப் பாட்டுல அதுக்கு அப்பால இன்னா வரும்னு எனுக்கு இன்னி வரிக்கும் தெரியாது" என்று ஞானம்மாள் பக்கத்து வீடுகளில் சொல்லிச் சலித்துக்கொள்வாள்.

"எங்கேர்ந்து வருது, காட்டு."

அவள் காட்டுவாள். விரல் நேராகப் பெட்டியில் போய் நிற்கும். வேதசிரோமணி ஒரு பெருமூச்சு விட்டு, ஆபீசில் கழித்துப் போட்ட வருகைப் பதிவேட்டில் ஒரு டிக் போடுவார். மறுபடியும் சமையலறை, மறுபடியும் கீர்த்தனை. இப்படி ஒரு ஞாயிறுக்குப் பன்னிரண்டு தடவை.

இவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ராஜகீழ்ப்பாக்கம் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே மூன்றாவது தெருவில் வீடு. தாம்பரத்தில் மின்சார ரயில் பெட்டிகள் வந்து நிற்கிற ஷெட்டில் ஃபேன் பழுது பார்க்கிற வேலை. ஓடுகிற ஃபேனின் முதுகில் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கேட்பார். "பேரிங் போச்சு. பத்து நாளு தாங்கும்" என்பார். பத்து நாள் தாங்கும், பதினோராம் நாள் நின்றுவிடும். எங்கே போக ரயில் ஏறினாலும் உட்காருவதற்கு முன்னால் மேலே பார்த்து எந்த ஃபேன் இரைகிறது என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியையும் கதவையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். துக்க வீட்டில் ஒருமுறை சவப்பெட்டியையே தட்டிவிட்டார். "நல்ல மரம்" என்று வேறு சொன்னார். அன்றைக்கு ஞானம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது அழுகைக்காக அல்ல.

எதையும் நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்ல மாட்டார். எல்லாம் பர்சென்ட்தான். "கொழம்பு எண்பத்தஞ்சு பர்சென்ட். மேல காரம் தனியா, அடியில புளி தனியா நிக்குது. நடுவுல காலியா கீது" என்பார். போதகரின் பிரசங்கத்துக்கு அறுபது பர்சென்ட். அதுவும் மைக்கின் தவறு. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தபோது தொண்ணூறு கொடுத்தார். அந்தப் பத்து எங்கே போயிற்று என்று மகள் கல்யாணமாகிக் குன்றத்தூருக்குப் போகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

குடிக்கிற புருஷன் என்றால் யாரிடமாவது போய்ச் சொல்லி அழலாம். அடிக்கிறவர் என்றால் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். வாரா வாரம் என் கண்ணைக் கட்டுகிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லாம் போன ஆயுத பூஜை போனசுக்குப் பிறகு வந்த வினை. அதற்கு முன்னால் கூடத்து ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் மட்டும் இருந்தன, சுவரில் ஆணியடித்து மாட்டியவை. பாட்டுக் கேட்கும், யாருக்கும் தொந்தரவில்லை. போனஸ் வந்ததும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு முக்கால் அங்குல பிளைவுட்டில் தானே பெட்டி செய்தார். சலவைக் கற்கள் இரண்டை அடுக்கி வைத்தாற்போல ஓர் உருவம். கீழே நாலு சக்கரம். சப் ஊஃபர் என்று பெயர். வயிற்றில் இடிக்கிற சத்தம் எல்லாம் இதன் வேலை.

சின்ன ஸ்பீக்கர்களால் கனமான சத்தத்தைத் தாங்க முடியாது. பெரிய பெட்டிக்குப் பாடுகிறவரின் குரலைக் கொடுத்தால் குழறும். ஆகவே எந்த இடத்தில் பாட்டை இரண்டாகப் பிரித்து இதற்குப் பாதி அதற்குப் பாதி என்று அனுப்புவது என்பதுதான் கேள்வி. அதற்குக் கிராஸ் ஓவர் என்று பெயர். "தாம்பரத்துல பாயின்ட் மாத்தறாங்கோ இல்ல, அந்த மாதிரி. லோக்கல் வண்டி ஒரு லைனு, எக்ஸ்பிரஸ் ஒரு லைனு. பாயின்ட்ட தப்பான எடத்துல போட்டா ரெண்டு வண்டியும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறும், இல்லாட்டி நடுவுல லைனே காலியா கெடக்கும்" என்று தெருவில் யார் கேட்டாலும் விளக்குவார். கேட்காதவர்களுக்கும் விளக்குவார்.

அந்தப் பாயின்ட்டை மாற்றுவதற்கு ஆம்ப்ளிஃபையரில் ஒரு திருகு. கடையில் வாங்கிய திருகில் எண் எதுவும் இல்லை. அளக்கிற கருவி அவரிடம் இல்லை. அதற்காக அசந்துவிடவில்லை. கரண்டு இரைகிற இரைச்சல் விநாடிக்கு ஐம்பது அதிர்வு, அதே இரைச்சலை வேறொரு இடத்தில் தொட்டுக் கேட்டால் நூறு. "ஐம்பதும் நூறும் கவர்மென்ட்டே குடுக்குது. நடுவுல இருக்கறத நான் ஸ்கேல் வெச்சு போட்டுக்கறேன்" என்று வட்டமாக ஒரு காகிதம் வெட்டி, திருகைச் சுற்றி ஒட்டி, ஊசி முனைப் பேனாவால் கோடு போட்டார். சாயங்காலத்தில் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கரண்டு நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிடும் என்பதால் விடியற்காலையில் எழுந்து போட்ட கோடு.

எல்லாம் சரி. அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது ஜன்னலடியில்.

வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். அது ஞானம்மாளின் இடம். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற ஏற்றுமதி கம்பெனி ஒன்றிலிருந்து சட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வீடுகளில் கொடுப்பார்கள். பிசிறு நூலை வெட்டி, பொத்தான் தைத்து, மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏழு வருஷமாக அந்த ஜன்னலடியில் பாயைப் போட்டு உட்கார்ந்து அவள் தைத்த சட்டையில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெட்டி வந்ததிலிருந்து சமையலறை பல்புக்கு அடியில் உட்காருகிறாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைப் பொத்தானும் சந்தனக் கலர் பொத்தானும் ஒரே மாதிரி தெரிகின்றன. நாற்பது வெள்ளைச் சட்டைக்குச் சந்தனக் கலரைத் தைத்துவிட்டாள்.

கட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கிற கங்கம்மா நல்ல மனுஷிதான். ஆனாலும் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள்: "ஞானக்கா, உன் கையப்பத்தி நான் கம்பெனியில பெருமையா பேசிகினு கீறேன். நீ இன்னான்னா இப்டி பண்ணி வெச்சிருக்க. இன்னொரு தபா திரும்பிச்சின்னா உன் கட்ட பெரும்பாக்கத்துல ஒரு வூட்டுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்கோ. என் கையில இல்லக்கா."

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது ஞானம்மாள் கேட்டாள்.

"இன்னாய்யா, அந்தப் பொட்டிய பீரோ பக்கம் தள்ளி வெச்சா இன்னா?"

"வைக்கலாம்."

"வெய்யி அப்ப."

"டெஸ்ட் முடியணும்."

"எப்ப முடியும்?"

"அது நீ காட்டறதப் பொறுத்து."

"இன்னா காட்டணும்? சொல்லு, காட்டறேன்."

"அத சொல்லக் கூடாது. சொன்னா டெஸ்ட் கெட்டுடும். உனுக்கு எங்கேர்ந்து வருதுன்னு தோணுதோ அங்க காட்டு."

இதற்குமேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஞானம்மாள் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பரீட்சை என்றால் சரியாகச் சொன்னால் பாஸ், தப்பாகச் சொன்னால் ஃபெயில், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் சரியாகக் காட்டிவிட்டால் பெட்டியை நகர்த்திவிடுவார் என்று எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு டிக். அடுத்த ஞாயிறும் பன்னிரண்டு. பதிவேட்டில் அடுக்கடுக்காக டிக் விழுவதைக் கண்கட்டு அவிழ்ந்ததும் எட்டிப் பார்ப்பாள், வெளியே சொல்லாமல் சந்தோஷப்படுவாள். அவர் ஒவ்வொரு டிக்குக்கும் ஏன் பெருமூச்சு விடுகிறார் என்பது மட்டும் புரியவில்லை. இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியை ஞாயிறுதோறும் உருட்டியதில் இடுப்பு உண்மையாகவே பிடித்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு புட்டி தைலம் தீர்ந்தது.

டெஸ்ட் மட்டும் முடியவில்லை. பெட்டி ஜன்னலடிக்கே திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. திருகு எண்பதிலிருந்து எழுபதுக்கு இறங்கியது, எழுபதிலிருந்து அறுபதுக்கு, கடைசியில் ஐம்பத்தைந்துக்கு. பாட்டும் கெட்டுக்கொண்டே வந்தது. ஆண் குரல் கேட்டால், நெஞ்சே இல்லாத ஒருத்தன் தொண்டையை மட்டும் வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. வேதசிரோமணி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, மனைவியின் காதையே உற்றுப் பார்ப்பார்.

"இன்னா பாக்கற?"

"ஒண்ணுமில்ல. உன் காது ஷெட்டுல இருக்க வேண்டியது."

விஷயத்தைப் போட்டு உடைத்தவன் ஏகநாதன். எதிர்வீட்டுக்காரன், கேபிள் டிவி இழுத்துக் கொடுக்கிறவன். ஒரு வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னாக்கா, பொட்டி இன்னும் ஜன்னலாண்டயே கீதா?"

"எங்கப்பா நகருது. நானும் ரெண்டு மாசமா ஒண்ணு தப்பாம கரெக்டாதான் காட்டிகினு வரேன். பாவி மனுஷன் முடிஞ்சிதுன்னு சொல்ல மாட்றாரு."

ஏகநாதன் ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்தான். சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்ததுபோல் முகம் போயிற்று.

"அக்கா, நீ கரெக்டா காட்டறதாலதான் நகர மாட்டுது."

"இன்னா ஒளர்ற?"

"அண்ணன் என்கிட்ட சொன்னாரு. பாட்டு ஜன்னல்லேர்ந்து வர்றப்போ மத்தளம் பீரோவுலேர்ந்து வரக் கூடாதாம். அதனாலதான் பொட்டிய சின்ன ஸ்பீக்கருங்க பக்கத்துலயே வெச்சிருக்காரு. ஆனா ஒரு நம்பருக்குக் கீழ போயிட்டா சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு மனுஷக் காதுக்குத் தெரியாதாம். புக்குல எண்பதுன்னு போட்டிருக்காம். நீ தெரியலன்னு தடவினா, பொட்டிய எங்க வேணா வைக்கலாம். பீரோகிட்ட வைக்கலாம், உன் வூட்டு மாடியிலகூட வைக்கலாம். நீ பன்னெண்டுக்குப் பன்னெண்டு வாங்கற. அவுரு இன்னா பண்ணுவாரு? கீழ கீழ எறக்கிகினே போறாரு."

ஞானம்மாள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தாள். இரண்டு மாதமாகப் பாடிய கீர்த்தனை எல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் வாரமே தப்பாகக் காட்டிவிட்டு ஜன்னலடியில் போய் உட்கார்ந்திருக்க மாட்டாளா? பாடுபட்டுப் பாஸ் பண்ணி, தன் இடத்தைத் தானே அல்லவா இழுத்து மூடிக்கொண்டிருக்கிறாள்!

"நான் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதக்கா" என்று ஏணியை எடுத்துக்கொண்டு ஏகநாதன் போய்விட்டான்.

அவள் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு வந்தது. துண்டு மடிந்தது. "தெரியுதா?" "தெரியல." கீர்த்தனை, மூன்று சுற்று, முக்காலி.

"காட்டு."

பெட்டி பீரோ பக்கம் இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. விரலைத் தெருக்கதவுப் பக்கம் நீட்டினாள்.

பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம், ஆனால் டிக் போடுகிற சத்தம் இல்லை. ஞானம்மாளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அடுத்த தடவை பெட்டி கதவுக்குப் பின்னால். அவள் பீரோவைக் காட்டினாள். அடுத்தது ஜன்னல், சமையலறையைக் காட்டினாள். பன்னிரண்டும் தப்பு. கண்கட்டை அவிழ்த்தபோது அவர் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்தாள். அவர் பதிவேட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஞானம், எடம் எத்தினி?"

"நாலு."

"குத்துமதிப்பா கையக் காட்டினாலே நாலுல ஒண்ணு சரியா வருணும். பன்னெண்டுல மூணாவது வருணும். ரெண்டு வருலாம், நாலு வருலாம். ஒண்ணுகூட வரலியே, அது எப்டி?"

"எனுக்கு இன்னா தெரியும்?"

"உனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சவங்கோதான் ஒண்ணு விடாம தப்பா காட்ட முடியும்." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "நூறு பர்சென்ட் தெரிஞ்சிருக்கு. ஐம்பத்தஞ்சுலயும் தெரியுதுன்னா நான் இன்னும் எறக்கணும்."

அவர் கை திருகை நோக்கிப் போனதைப் பார்த்ததும் ஞானம்மாளுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று.

"யோவ், நிறுத்துய்யா! உன் பொட்டி எங்க கீதுன்னு நான் எப்பய்யா காதால கேட்டேன்? அந்த டும்மு டும்மு எங்கேர்ந்து வருதுன்னு எவளுக்குத் தெரியும்? அது வூடு பூரா அடிக்கிது. நீ நிக்கிற எடத்த நான் காட்டிகினு வரேன்!"

"நானா? நான் சத்தமே போட மாட்டேனே."

"நீ போடாத சத்தமா? பொட்டி எங்க கீதோ அங்கதான் போய் நிக்கிற, கொழந்த தலையில கைய வெக்கிற மாதிரி அது மேல கைய வெச்சிகினு. குனிஞ்சா உன் முட்டி சொடக்கு வுடுது. டேப்பு ஓடறப்போ மூச்சப் புடிச்சிகினு நிக்கிற, பாட்டு நின்னா புஸ்ஸுன்னு வுடற. இந்த ரெண்டு மாசமா தைலம் வேற. சர்ச்சுல பின் பெஞ்சில உக்காந்தவளுக்கே தெரியும் நீ எங்க நிக்கறேன்னு. இருவத்தாறு வருசமா கூடக் கீறேன். கண்ணக் கட்டினா உன்ன தெரியாதா எனுக்கு?"

வேதசிரோமணி தன் முட்டியைக் குனிந்து பார்த்தார். ஒரு காலை மடக்கி நிமிர்த்தினார். சொடக்கு கேட்டது. இன்னொரு தடவை மடக்கி நிமிர்த்தினார், மறுபடி கேட்டது.

கோபம் வந்திருந்தால் பரவாயில்லை, வெட்கம் வந்திருந்தாலும் பரவாயில்லை. அவருக்கு வந்தது ஆர்வம். எதிர்வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏகநாதனைப் பாதியில் எழுப்பிக் கூட்டிவந்தார். திருகை முதல் வாரத்து எண்பதுக்கே திரும்பக் கொண்டுவந்தார். ஏகநாதன் பெட்டியை எங்காவது நிறுத்த வேண்டியது, டேப்பைப் போட்டதும் வெளியே ஓடிவிட வேண்டியது. வேதசிரோமணி தெருக்கோடியில் மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டியது. ஞானம்மாள் விரலால் காட்டினால் பார்ப்பதற்கு ஆள் இல்லை என்பதால், காட்ட நினைக்கிற பக்கம் தரையில் சாக்பீசால் ஒரு கோடு போட வேண்டியது.

"இது கடசி தபா" என்றாள் ஞானம்மாள்.

"கடசிதான்."

"வேத புஸ்தகத்து மேல சத்தியம் பண்ணு."

பண்ணினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மின்கம்பத்துக்குப் போனார். வெயிலில் அங்கே நின்றவரைத் தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்று என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் பாயின்ட் மாற்றுவதை விளக்கினார்.

உள்ளே, துண்டுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருந்த ஞானம்மாளுக்கு இந்தத் தடவை உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. தைல வாசனை இல்லை, மூச்சு இல்லை. குரல் மட்டும் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. டும் டும் என்பது வீடு முழுக்க ஒரே அளவாக இருந்தது, தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதுபோல. குத்துமதிப்பாகக் கோடு போட்டாள். அவளுக்கும் ஏன் என்று தெரியாமல், பாட்டு நன்றாக இருப்பதாகத் தோன்றியது. பாடுகிறவருக்கு நெஞ்சு திரும்ப வந்துவிட்டிருந்தது.

பன்னிரண்டு கோட்டில் மூன்று சரி.

"கரெக்டா மூணு!" என்று ஏகநாதன் கத்தினான். "அண்ணா, புக்கு கரெக்டு!"

வேதசிரோமணி பதிவேட்டைத் திறந்து இரண்டு மாதத்து டிக்குகளையும் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எண்பது என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே சரியாக இருந்திருக்கிறது. எப்படித் தெரிகிறது என்று ஞானம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் ஞாயிறே முடிந்திருக்கும். இதை அவர் வாயால் சொல்லவில்லை. பேனாவின் மூடியை அவர் மாட்டிய விதத்தில் ஞானம்மாளுக்குத் தெரிந்தது.

"தள்ளுய்யா" என்றாள்.

ஏகநாதன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகப் பெட்டியைப் பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் தள்ளி வைத்தார்கள். சாப்பாட்டைத் தொடரலாமா என்று கேட்டுவிட்டு ஏகநாதன் போனான். ஞானம்மாள் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. ஜன்னலடியில் இரண்டு மாதத் தூசியைக் கூட்டித் தள்ளி, பாயை விரித்து, சட்டைக் கட்டை அவிழ்த்தாள். பகல் வெளிச்சத்தில் வெள்ளைப் பொத்தான் வெள்ளையாகவும் சந்தனக் கலர் சந்தனக் கலராகவும் இருந்தன. கங்கம்மா செவ்வாய்க்கிழமை வருவாள். தொண்ணூறு சட்டை பாக்கி.

வேதசிரோமணி முக்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவர் உதடு அசைவதிலேயே தெரிந்தது.

"இருவத்தாறு வருசம்னு சொன்ன இல்ல."

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"உனுக்கு என்னத் தெரியுதுன்னா, எனுக்கும் உன்னத் தெரியணும் இல்ல? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே வேல செய்யணும்." துண்டை எடுத்தார். நீளவாக்கில் நாலாக மடித்தார். தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டார். "எங்கனா போய் நில்லு. சத்தம் போடாத. நான் காட்டறேன்."

"எனுக்கு வேல கீதுய்யா."

"ஒரே தபா. பேசாத, பேசினா தெரிஞ்சிடும்."

ஞானம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, ஊசியைப் பொத்தான் துளையில் பாதி இறக்கியபடி கையை நிறுத்திக்கொண்டாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இருக்காது. மடியில் சட்டை இருந்தது. முதுகில் வெயில் விழுந்தது.

அவர் தலையை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஷெட்டில் ஃபேனைக் கேட்கிற மாதிரி காதைச் சாய்த்தார். வெகு நேரம் ஆயிற்று. பிறகு சந்தேகமே இல்லாதவராக நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நீட்டிச் சமையலறையைக் காட்டினார்.

"கரெக்டா?" என்றார்.

பதில் வருகிறவரை கையை இறக்கவில்லை.